பனிக்களத்து வீரர் வில்லி ஓரீ

ஒரு விளையாட்டு வீரரின் பெருமையை அளக்க விரும்புவோர் முதலில் எண்களைத்தான் தேடுவர். எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் போட்டார், எத்தனை ஆண்டு நிலைத்து நின்றார் என்பனவே அவர்கள் கேட்குங் கேள்விகள். இன்று நான் எடுத்துக்கொண்ட வீரரை இந்த அளவுகோலால் அளந்தால் கிடைப்பது மிகச் சிறிய கணக்கே. வட அமெரிக்காவின் தலைசிறந்த ஐஸ் ஹொக்கி அணிகள் மோதும் தேசிய ஹொக்கி லீக்கிலே அவர் ஆடிய ஆட்டங்கள் 45. போட்ட கோல்கள் 4. பிறர் கோல் போடத் துணைநின்ற தடவைகள் 10. அவ்வளவே.

ஆயினும் 2022 ஆம் ஆண்டு சனவரி 18 ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆட்ட அரங்கிலே, அவர் அணிந்த 22 என்னும் இலக்கத்தை அந்த அணியில் இனி ஒருவரும் அணியலாகாது என்று விதித்து, அவ்விலக்கம் பொறித்த துகிலைக் கூரையிலே ஏற்றினர். அதே மாதத்து இறுதி நாளில், அமெரிக்கக் காங்கிரஸ் வழங்கும் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளிப்பதற்கான சட்டம் கையொப்பமாயிற்று. நான்கு கோல் போட்ட ஒருவருக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். அவர் பெயர் வில்லி ஓரீ.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐஸ் கட்டி என்றால் நமக்கு நினைவு வருவன சர்பத்துக் கடையும் மீன் சந்தையுமே. கனடாவிலோ மாரி வந்ததும் ஆறும் குளமும் இறுகிப் பளிங்குத் தரையாகிவிடுகின்றன. அத்தரையிலே எஃகு அலகு பொருத்திய சப்பாத்தை அணிந்து, வளைந்த மட்டையைக் கையிலேந்திச் சறுக்கி ஓடி ஆடுவதே ஐஸ் ஹொக்கி. இன்று கனடாவிலே உறவினர் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. அங்கே பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகள் இவ்வாட்டத்தின் பெயரைக் கடிதத்திலும் தொலைபேசியிலுஞ் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

வட அமெரிக்க ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமுங் கொண்டது. பக்கத்துக்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காப்பவர். இருபது நிமிடமாக மூன்று பகுதிகளில் ஆட்டம் நடைபெறும். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான றப்பர் வட்டு ஒன்று உண்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், தடிப்பு 1 அங்குலம், நிறை ஏறக்குறைய 6 அவுன்ஸ். பனித்தரையிலே துள்ளாமல் வழுக்கிச் செல்லும்பொருட்டு அதனையும் முன்கூட்டியே குளிரில் உறையவைப்பர். வல்லவர் ஒருவர் ஓங்கி அடித்தால் அது மோட்டார் வண்டியின் வேகத்தையும் விஞ்சிப் பறக்கும். எதிரியை உடலால் மோதித் தள்ளவும் விதி இடங்கொடுக்கிறது. 1950 களில் தலைக்கவசம் அணிந்து ஆடியோர் மிக அரியர். இவற்றை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நான் சொல்லப்போகுஞ் செய்தியின் கடுமை விளங்கும்.

வில்லி ஓரீ 1935 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15 ஆந் திகதி கனடாவின் கிழக்குப் பகுதியிலுள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் தலைநகராகிய பிரெடெரிக்ரனிலே பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. அமெரிக்காவிலே அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்து முன்னோரின் வழிவந்த குடும்பம் அது. அந்நகரில் அக்காலத்தில் கறுப்பினக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். மாரிகாலத்தில் தந்தையார் வீட்டு வளவிலே நீரைப் பாய்ச்சி உறையவைத்துப் பிள்ளைகளுக்கு ஆடுகளம் அமைத்துக் கொடுப்பார். நடை பழகிய சில காலத்திலேயே வில்லி சறுக்கப் பழகிவிட்டார். ஐந்து வயதிலே மட்டை கைக்கு வந்தது. மூத்த தமையனார் றிச்சர்ட் அவரை மோதி விழுத்தி, மீண்டும் எழுந்து ஆடச் செய்து, உரமேற்றினார். பிறர் சொல்லும் இழிசொல் நீ இடங்கொடுத்தால் அன்றி உன்னை நோகச் செய்யாது என்று போதித்தவரும் அத்தமையனாரே.

கறுப்பினத்தார் ஐஸ் ஹொக்கி ஆடுவது புதுமையன்று. நியூ பிரன்ஸ்விக்கை அடுத்த நோவா ஸ்கோஷியாவிலே, 1895 ஆம் ஆண்டளவில், கறுப்பின ஆட்டக்காரருக்கெனவே ஒரு லீக் தோன்றியிருந்தது. ஆனால் தேசிய ஹொக்கி லீக்கின் வாயில் மட்டும் அவர்களுக்குத் திறக்கவில்லை. அங்கே 1942 முதல் 1967 வரை ஆறே அணிகள் இருந்தன. மொன்றியல், ரொறன்ரோ, பொஸ்ரன், டிற்றோயிற், சிக்காகோ, நியூயோர்க் என்னும் ஆறு நகரங்களுக்கும் ஓரோர் அணி. மொத்தம் ஏறக்குறைய 120 பேருக்கே இடமுண்டு. அந்த 120 இடங்களுள் ஒன்றேனும் கறுப்பினத்தவர் ஒருவருக்கு 1958 வரையிலும் கிடைத்ததில்லை.

ரொறன்ரோ நகரில் 1919 ஆம் ஆண்டு பிறந்த ஹேர்ப் கார்னகி என்னும் வீரரின் கதை இதற்குச் சான்று. யமேக்காவிலிருந்து வந்த பெற்றோரின் மைந்தர் அவர். கியூபெக் மாகாணத்து அணிகளிலே பெரும் புகழுடன் ஆடியவர். 1948 ஆம் ஆண்டு நியூயோர்க் அணியினர் அவரை அழைத்துப் பார்த்தனர். ஆனால் தமது முதல் அணியில் இடந்தராமல், கீழ்நிலை அணியொன்றில் மட்டுமே இடந்தர முன்வந்தனர். முன்னரே தாம் பெற்றுவந்ததிலும் குறைந்த ஊதியத்துக்கு உடன்பட அவர் மறுத்துத் திரும்பினார். பின்னர் அவ்வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை. வில்லி ஓரீ வளர்ந்தது இத்தகைய காலத்திலேதான்.

1949 ஆம் ஆண்டு அவருக்குப் பதின்மூன்று வயது. அவர் சேர்ந்திருந்த சிறுவர் பேஸ்போல் அணி வெற்றிபெற, பரிசாக அவர்களை நியூயோர்க்குக்கு அழைத்துச் சென்றனர். அங்கே புறூக்ளினில் ஜக்கி றொபின்சனைச் சந்திக்கும் பேறு கிட்டிற்று. அமெரிக்கப் பேஸ்போலின் உயர்ந்த பிரிவிலே 1947 ஆம் ஆண்டு நிறத்தடையை உடைத்து நுழைந்தவர் றொபின்சன். சிறுவன் வில்லி அவரிடம், தான் பேஸ்போல் மட்டுமன்றி ஹொக்கியும் ஆடுவதாகச் சொன்னான். கறுப்பினப் பிள்ளைகளும் ஹொக்கி ஆடுவதுண்டா என்று றொபின்சன் வியந்தார். அச்சந்திப்பை வில்லி மறக்கவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1962 இல், லொஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழ்ந்த விருந்தொன்றிலே இருவரும் மீண்டுஞ் சந்தித்தபோது, புறூக்ளினிற் கண்ட சிறுவன் நீரல்லவோ என்று றொபின்சனே நினைவுகூர்ந்து கேட்டாராம்.

இனி, அவருடைய வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். 1955 ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்டப் பருவத்திலே ஒன்ராறியோ மாகாணத்துக் கிச்சினர் நகரின் இளைஞர் அணியில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். ஓராட்டத்திலே பறந்து வந்த வட்டொன்று அவருடைய வலக்கண்ணைத் தாக்கிற்று. மூக்கும் கன்னத்தின் ஒரு பகுதியும் முறிந்தன. விழித்திரை சிதைந்துபோயிற்று. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், இனிமேல் அக்கண்ணிற் பார்வை இல்லை, ஹொக்கி ஆடுவதும் இயலாது என்று சொல்லிவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபது.

வைத்தியர் சொன்னதில் முதற்பகுதியை ஏற்றார். இரண்டாவதை ஏற்க மறுத்தார். சில வாரங்களிலே மீண்டும் பனிக்களத்தில் இறங்கினார். அவர் ஆடியது இடது ஓரத்திலே. இடது ஓரத்தில் நிற்பவனுக்குத் தோழர் தள்ளும் வட்டு பெரும்பாலும் வலப்புறமிருந்தே வரும். எதிரியும் அப்பக்கமிருந்தே பாய்வான். அவருக்கோ வலப்புறம் முழுவதும் இருள். ஒவ்வொரு முறையும் தலையை வலத்தோளின் மேலாகத் திருப்பி இடக்கண்ணாற் பார்த்துத்தான் வட்டை ஏற்கவேண்டும். தொடக்கத்திலே வட்டைத் தவறவிட்டுத் தாண்டி ஓடினார். கோலுக்கு நேரே நின்றும் குறி பிழைத்தார். பின்னர் தமக்குத் தாமே ஓர் உறுதி செய்துகொண்டார். காணமுடியாததைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, காணமுடிந்ததிலே கருத்தைச் செலுத்துவது என்பதே அவ்வுறுதி.

இங்கே மற்றொரு தடையும் இருந்தது. ஒரு கண்ணிலே பார்வையற்றவர் தேசிய ஹொக்கி லீக்கில் ஆடலாகாது என்பது விதி. ஆகவே தம் குறையை அவர் மறைத்தார். உடன்பிறந்த சகோதரி ஒருவரும் மிக நெருங்கிய நண்பருமே அதனை அறிந்திருந்தனர். பெற்றோருக்கும் சொல்லவில்லை. பயிற்றுநருக்கும் சொல்லவில்லை.

அவர் மறைத்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். பாடசாலை அதிபராகிய நான் மெய்யை மறைப்பதை மாணாக்கருக்கு ஒரு பாடமாக எடுத்துரைக்க இயலாது. அவ்விதியும் பகைமையாற் பிறந்ததன்று. ஒரு கண்ணை இழந்தவன் மறு கண்ணையும் இழந்துவிடக் கூடாதே என்னும் அச்சமும் அதனுள் உண்டு. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அவர் மறைத்ததனால் பிறர் ஒருவருக்கும் கேடு விளையவில்லை. விளையக்கூடிய கேடு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். தம் தோலின் நிறத்தைக் காரணங்காட்டி வாயிலை மூட நினைப்பவர் கையிலே, மற்றொரு காரணத்தையும் தாமே கொண்டுபோய்க் கொடுக்க அவர் விரும்பவில்லை.

1956 ஆம் ஆண்டு பேஸ்போல் துறையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மில்வோக்கி அணியினர் ஜோர்ஜியா மாநிலத்திலே நடத்திய பயிற்சி முகாமுக்குச் சென்றார். விமானத்திலிருந்து இறங்கியதும் அவர் கண்டது, வெள்ளையருக்கு வேறு, கறுப்பினத்தாருக்கு வேறு என்று பலகை தொங்கிய மலசலகூடங்கள். முகாமிலும் தங்குமிடம் வேறாகவே இருந்தது. சில வாரத்தில் அவரைத் திருப்பி அனுப்பினர். ஊர் திரும்ப பஸ்ஸிலே பல நாட் பயணம். தெற்கு மாநிலங்களிலே பஸ்ஸின் பின்வரிசையில்தான் அவர் அமர முடிந்தது. பஸ் வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல, ஓரோர் இருக்கையாக முன்னே நகர்ந்தார். கனடாவை நெருங்கியபோது முன்வரிசையில் இருந்தார். பேஸ்போலை மறந்து ஹொக்கியையே பற்றிக்கொள்வது என்று அப்பயணத்திலே முடிவு செய்தார். ஓராள் தன் நாட்டின் எல்லையை அணுகுவதை இருக்கைகளால் எண்ணிக்கொண்டு சென்ற காட்சியை மனக்கண்ணாற் பாருங்கள், நேயர்களே. அந்த ஒரு பயணமே ஒரு வரலாற்று நூலுக்குச் சமமாகும்.

அவ்வாண்டே கியூபெக் நகரத்து ஏஸஸ் அணியிலே தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். அவ்வணியின் பயிற்றுநர் பஞ்ச் இம்லாக் பிற்காலத்திலே ரொறன்ரோ அணியால் புகழ்பெற்றவர். பொஸ்ரன் புறூயின்ஸ் அணிக்கும் கியூபெக் அணிக்கும் தொடர்பு இருந்தமையால், ஆட்டக்காரர் குறைந்தபோது பொஸ்ரன் அணியினர் ஓரீயை அழைத்தனர். 1958 சனவரி 18, சனிக்கிழமை இரவு, மொன்றியல் நகரத்துப் போறம் அரங்கிலே அவர் பொஸ்ரன் அணியின் உடையணிந்து களத்தில் இறங்கினார். எதிரே நின்றது அக்காலத்திற் சம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த மொன்றியல் கனேடியன்ஸ் அணி. பொஸ்ரன் 3 கோல் போட்டது. மொன்றியல் ஒன்றும் போடவில்லை. தேசிய ஹொக்கி லீக்கில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் என்னும் பெயரை வில்லி ஓரீ அன்றிரவு பெற்றார்.

எக்காளம் ஊதப்படவில்லை. வரவேற்புப் பந்தல் இல்லை. அவர் கியூபெக் அணியுடன் முன்னரும் அவ்வரங்கிலே ஆடியவராதலின், கூட்டத்தார் பழகிய முகமாகவே அவரைப் பார்த்தனர். தாம் ஒரு தடையை உடைத்ததை அவரே மறுநாட் பத்திரிகையைப் படித்துத்தான் உணர்ந்ததாகப் பின்னர் கூறினார். மறுநாள் பொஸ்ரனிலே இரண்டாவது ஆட்டம் ஆடினார். பின்னர் மீண்டும் கியூபெக்குக்கே அனுப்பப்பட்டார். இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்து நோக்கவேண்டும். அதே பொஸ்ரன் நகரத்துப் பேஸ்போல் அணி தன் முதற் கறுப்பின வீரரை ஏற்றது 1959 ஆம் ஆண்டிலேதான். அமெரிக்கப் பேஸ்போலின் உயர்ந்த பிரிவில் அதுவே கடைசியாக இணங்கிய அணி. அந்த நகரில் ஹொக்கிக் களம் பேஸ்போல் களத்துக்கு ஓராண்டு முந்திக்கொண்டது.

ஏறக்குறைய மூன்று ஆண்டு சிறிய அணிகளிலே ஆடியபின், 1960 இல் தொடங்கிய பருவத்திலே பொஸ்ரன் அணி மீண்டும் அழைத்தது. அப்பருவத்தில் 43 ஆட்டம் ஆடினார். 1961 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளிலே, பொஸ்ரன் அரங்கில், அதே மொன்றியல் அணிக்கு எதிராகத் தம் முதற் கோலைப் போட்டார். பொஸ்ரன் 3 க்கு 2 என வென்றது. கூட்டத்தார் எழுந்து நின்று நெடுநேரம் ஆரவாரித்தனர். அந்த ஆரவாரத்துள் எவருக்கும் தெரியாத ஒன்று உண்டு: அந்தக் கோலைப் போட்டவர் களத்தின் ஒரு பாதியை மட்டுமே காண்பவர்.

எல்லா அரங்கும் இவ்வாறு வரவேற்கவில்லை. வேறு சில நகரங்களில் இருக்கைகளிலிருந்து வசைச்சொற்கள் வீசப்பட்டன. எதிரணியாரும் அவ்வாறே ஏசினர். சொல்லுக்குச் சொல் அவர் திருப்பிக் கொடுப்பதில்லை. தமையனாரின் போதனை நினைவில் இருந்தது. சிக்காகோவில் ஓராட்டத்திலே எதிரணி வீரர் ஒருவர் நிறத்தைக் குறித்து இழிவாகப் பேசியதோடு நில்லாது, மட்டையின் பிடியால் அவர் முகத்திலே குத்தினார். மூக்கு உடைந்தது. முன்பற்கள் இரண்டு போயின. அன்று அவர் பொறுக்கவில்லை. தம் மட்டையால் அவ்வீரரின் தலையிலே திருப்பி அடித்தார். களத்திலே பெருங்கலவரம் மூண்டது. எஞ்சிய ஆட்டம் முழுவதும் அவரை உடைமாற்றும் அறையிலேயே காவலில் வைத்தனர். இதனை நான் மறைத்துச் சொல்லவில்லை. பொறுமையின் திருவுருவம் என்று மனிதரை வருணிப்பது எளிது. மெய்யான மனிதருக்குப் பொறுமையின் எல்லை ஒன்று உண்டு. அவர் வியப்புக்குரியவராவது ஒருமுறை பொறுமை இழந்ததனால் அன்று. அதன் பின்னரும் மறுநாள் களத்துக்குச் சென்றமையால்.

அப்பருவம் முடிந்ததும், அடுத்த ஆண்டும் நீர் வருவீர் என்ற எண்ணத்தை அவருக்கு ஊட்டி அனுப்பினர். ஊருக்குச் சென்று மகிழ்ந்திருந்தவருக்கு, உம்மை மொன்றியல் அணிக்கு மாற்றிவிட்டோம் என்ற செய்திதான் வந்தது. திறமை மிக்கோர் நிரம்பிய மொன்றியல் அணியிலே அவருக்கு இடமேது? அங்கிருந்து கீழ்நிலை அணிக்கும், 1961 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சலஸ் அணிக்கும் அனுப்பப்பட்டார். கலிபோர்னியாவில் செயற்கைக் குளிர் ஊட்டி உறையவைத்த களத்திலே அவருடைய எஞ்சிய ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. தேசிய ஹொக்கி லீக்குக்கு அவர் மீண்டும் வரவில்லை. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஏமாற்றத்தின் கதை. முடியவில்லை. லொஸ் ஏஞ்சலஸ் அணியின் பயிற்றுநர் அல்ப் பைக் என்பவர், அணியின் தேவை கருதி, இடது ஓரத்தில் ஆடியவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். கண்ணின் செய்தி பயிற்றுநருக்குத் தெரியாது. ஆனால் அந்த மாற்றத்தினால் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். வலது ஓரத்தில் நிற்பவனுக்குத் தோழரும் எதிரியும் வட்டும் யாவுமே இடப்புறத்தில் இருப்பன. அது பார்வையுள்ள கண்ணின் பக்கம்! ஏறக்குறைய ஒன்பது ஆண்டாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆடியவருக்கு, களம் முழுவதும் ஒரேயடியாகக் கண்முன்னே விரிந்தது. 1964 ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்திலே அவர் 38 கோல் போட்டு, மேற்கு ஹொக்கி லீக்கில் அதிக கோல் போட்டவர் ஆனார். பின்னர் சான் டியேகோ அணியிலே சேர்ந்து, 1968 இல் தொடங்கிய பருவத்தில் மீண்டும் 38 கோல் போட்டு அதே சிறப்பைப் பெற்றார்.

வலியறிதலையும் காலமறிதலையும் சொன்ன வள்ளுவர், அவற்றை அடுத்து இடனறிதல் என்று தனியே ஓரதிகாரம் வகுத்தது ஏன் என்பதற்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ? ஆள் மாறவில்லை; ஆற்றல் மாறவில்லை; பார்வை திரும்பவில்லை. நின்ற இடம் மாறிற்று.

1979 ஆம் ஆண்டு, நாற்பத்து மூன்றாம் வயதிலே, ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். ஓய்வுபெறும் வரையிலும் ஒற்றைக் கண்ணுடனேயே ஆடினார். அவர் பொஸ்ரனை விட்டகன்ற 1961 இற்குப் பின், தேசிய ஹொக்கி லீக்கில் அடுத்த கறுப்பின வீரர் தோன்றியது 1974 ஆம் ஆண்டில். வோஷிங்ரன் அணியின் மைக் மார்சன் என்பவர் அவர். இடையிலே பதின்மூன்று ஆண்டு. 1967 இல் ஆறு அணிகள் பன்னிரண்டாகப் பெருகியிருந்தும் இந்நிலை. ஒருவர் நுழைந்துவிட்டார், இனித் தடையில்லை என்று உலகம் தன்னைத் தானே பாராட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் ஒருவர் நுழைந்தபின் தானாகவே மூடிக்கொள்ளும் கதவும் உண்டு. அதனைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும்.

அந்தத் தொண்டை ஓரீ தம் முதுமையிலே செய்தார். ஓய்வுபெற்றபின் சான் டியேகோப் பகுதியிலே பல தொழில் செய்து, ஒரு ஹோட்டலிற் காவற்பணியிலும் இருந்தார். பெரும்பாலோர் அவரை மறந்தேபோயினர். 1998 ஆம் ஆண்டு, அறுபத்திரண்டாம் வயதில், தேசிய ஹொக்கி லீக் அவரைத் தேடி வந்து, எல்லா இனத்துப் பிள்ளைகளையும் இவ்வாட்டத்துக்கு அழைத்துவரும் தூதராக நியமித்தது. அதன்பின் இருபதாண்டுக்கு மேலாக நகர் நகராகச் சென்றார். வறுமையும் நிறவேற்றுமையும் மிக்க பகுதிகளிலே, சப்பாத்தும் மட்டையும் வாங்க வசதியற்ற பிள்ளைகளுக்காக அமைந்த கழகங்களிலே, பல்லாயிரஞ் சிறுவர் சிறுமியருடன் பனிக்களத்தில் இறங்கினார். வாழ்வில் நோக்கம் ஒன்றை வரைந்துகொள்ளுமாறும், பள்ளிப்படிப்பைக் கைவிடாதிருக்குமாறும் எடுத்துச் சொன்னார்.

2018 ஆம் ஆண்டு ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ்மண்டபத்திலே அவர் பெயர் பொறிக்கப்பட்டது. எந்தப் பகுதியில் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆட்டக்காரர் என்னும் பகுதியில் அன்று. ஆட்டத்தைக் கட்டி வளர்த்தோர் என்னும் பகுதியிலே. நான் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை இதுதான். 45 ஆட்டங்கள் அவருக்கு வாயிலைத் திறந்தன. பெருமையைக் கொடுத்தது, அவ்வாயிலிலே மற்றவர்க்காக நின்ற காலம். அவருக்கு முன் வாயில் வரை வந்து திரும்பிய ஹேர்ப் கார்னகியின் பெயரும் 2022 ஆம் ஆண்டு அதே பகுதியிற் சேர்ந்தது. அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. 2012 இலேயே காலமாகிவிட்டார்.

நேயர்களே, இவ்வரலாற்றை நான் படித்தபோது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதனைச் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. நான் உதவியாசிரியனாக இருந்த காலம். வகுப்பின் இடது ஓரத்து வாங்கிலே ஒரு பையன் இருப்பான். கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தலையை முழுவதும் வலப்புறந் திருப்புவான். பக்கத்திலிருந்தவனுடைய கொப்பியைப் பார்த்து எழுதுகிறான் என்று நான் எண்ணினேன். பலமுறை கண்டித்தேன். ஒருமுறை வகுப்பு முழுவதும் கேட்கக் கள்ளன் என்றுங் கூறிவிட்டேன். அவன் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. பல மாதங் கழித்து அவன் தாயார் வேறு காரியமாக வந்தபோதுதான், சிறுவயதில் கிட்டி அடிக்கையில் பட்ட அடியால் அவனுக்கு வலக்கண் பார்வை இல்லை என்பது தெரியவந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பாடசாலையில் வைத்திருக்கமாட்டீர்கள் என்று பயந்தேன், சேர், என்றான்.

மறுநாள் அவனை வலது ஓரத்து வாங்குக்கு மாற்றினேன். நான் செய்தது அவ்வளவே. அதன்பின் அவன் தலை நேராக நிமிர்ந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அக்காலத்து ஆசிரியருக்கு அது வழக்கமில்லை. இன்று அதற்காக வருந்துகிறேன்.

ஓரீயைப் பயிற்றியவர்கள் அவருடைய நிறத்தைக் கண்டார்கள், கண்ணைக் காணவில்லை. நானும் அப்பையன் தலை திரும்புவதைக் கண்டேன். ஏன் திரும்புகிறது என்று கேட்கவில்லை. தம் குறையைச் சொன்னால் இடம் போய்விடும் என்று அஞ்சி ஒளிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களெல்லாரும் வில்லி ஓரீயைப் போல ஒன்பது ஆண்டு கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வல்லவர் அல்லர். பெற்றோரும் ஆசிரியரும் தொழில் கொடுப்போருமாகிய நாம், இவனால் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லுமுன், இவன் நிற்கும் இடம் சரிதானா என்று ஒருமுறை கேட்போமாக.